சுருக்கம்

ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் சகாயமேரி, சூப்பர்வைசர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து மனிதவள அதிகாரி கோபிநாத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“இது விசாரணைக் குழுவுக்குப் போற சுருக்கம். ஒரு கையெழுத்துப் போடும்மா.”

‘இரு ஊழியர்களுக்கிடையே ஏற்பட்ட புரிதல் குறைபாடு’ என்று அதில் இருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள்.

“சார், அவரு ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினாருன்னு எழுதியிருந்தேனே, அது எங்க?”

“போட்டோ எடுத்து ஏஐ-கிட்ட கொடுத்தேன்மா. அதுவே சுருக்கிக் கொடுத்துச்சு.”

“என் பேரோடயேவா அதுகிட்டக் கொடுத்தீங்க?”

கோபிநாத் பேனாவை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார்.

“சரி, நீங்க படிச்சீங்களா?”

“எனக்கு இருக்குற வேலையில…”

“படிச்சீங்களான்னு கேக்குறேன் சார்.”

அவர் தாளை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். சகாயமேரிக்கு அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. அந்த நாலு பக்கத்தை எழுதி முடிக்க அவளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருந்தன. மேசைமேல் இருந்த கோப்பிலிருந்து அந்தப் பக்கங்களைத் தானே உருவி அவர் முன்னால் வைத்தாள்.

“வாய்விட்டுப் படிங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.”

“என்னம்மா இது, ஸ்கூலா?” என்று சிரித்தபடி அவர் ஆரம்பித்தார். முதல் பக்கத்தை வருகைப் பதிவு வாசிப்பதுபோல வேகமாகக் கடந்தார். இரண்டாம் பக்கத்தில் நாலாவது வரியில் குரல் நின்றுவிட்டது. எழுந்துபோய் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அடுத்த வரி சார்” என்றாள் சகாயமேரி.