பதினேழாம் அத்தியாயம்

தங்கை எழுதிய நாவலைக் கையில் பிடித்தபடி விடுவிடென்று உள்ளே வந்தார் அண்ணன்.

"ஒரே மூச்சுல படிச்சு முடிச்சுட்டேன். பண்ணை, மாட்டுக்கொட்டகை, அப்பா போனதும் அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டை... எல்லாம் அப்படியே நம்ம வீடு."

"கதைதானே அண்ணா. உட்காருங்க."

"உட்கார்றதுக்கு வரல. பதினேழாம் அத்தியாயத்துல என்ன எழுதி வெச்சிருக்க? அப்பாவோட உயிலை அண்ணன்காரன் அடுப்புல போட்டு எரிக்கிறானா?"

"கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா?"

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? ஊர்ல படிக்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? அப்பா கையெழுத்தைக் கொளுத்துற அளவுக்கு நான் கெட்டவனா?"

"அப்பா உயிலே எழுதலன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்குக் கோபம்?"

"எழுதலன்னு சொன்னேன். எரிச்சேன்னு சொன்னேனா?"

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் அறைந்தார்.

"பாரு. மடிப்புகூடக் கலையல. பம்ப் ரூம்ல உர மூட்டைக்குப் பின்னாடி பத்திரமா வெச்சிருந்தேன். அடுத்த பதிப்புல திருத்து."

தங்கை உறையைப் பிரித்தாள். அப்பாவின் கோணல் கையெழுத்து. 'பண்ணையில் சரிபாதி என் மகளுக்கு.'

உட்கார மாட்டேன் என்றவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவளுடைய கைபேசி ஒலித்தது. அச்சகக்காரர்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரி நாவலை நேத்தே உங்க அண்ணன் வீட்டுல குடுத்துட்டோம். மத்த பிரதிகளை எப்போ அடிக்கட்டும்?"

"வேண்டாங்க, அந்த ஒரு பிரதியே போதும்," என்றாள். "வாசகர் நேர்லயே வந்துட்டார்."