உருவாக்கியவர்: இளங்கோ

அம்பத்தூர் அலுவலகத்தில் மேசையின் தலைப்பக்கம் முதலாளி ஏகாம்பரம், அவருக்கு வலப்புறம் மேனேஜர் இளங்கோ, கதவோரம் சபீனா என்று மூவர் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைகளின் பில்லிங் மென்பொருளிலிருந்து கணக்கு மென்பொருளுக்குத் தகவலைக் கொண்டுபோகும் கனெக்டர் ஒன்றைச் சபீனா எழுதியிருந்தாள். அதையே நாற்பது கடைகளில் மாட்டியாயிற்று.

"முழுக்க நான் எழுதினது சார்" என்றான் இளங்கோ, கொஞ்சமும் கூசாமல்.

"பலே நைனா! புரமோஷன் உனக்குத்தான்" என்றார் ஏகாம்பரம். "இன்னாம்மா சபீனா, நீ எதுனா சொல்லணுமா?"

"அவர் சொன்னபடி, கனெக்டர்ல உருவாக்கியவர்னு அவர் பேரையே போட்டுட்டேன் சார். போன் நம்பரும் அவரோடதுதான்."

வெளியே வந்ததும் இளங்கோ சிரித்தான். "பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணும்மா நீ!"

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார்."

பில்லிங் மென்பொருள் திங்கட்கிழமை புதிதாக மாறுகிறது. அன்று நாற்பது கனெக்டர்களும் நின்றுபோகும். நின்றால், சரிசெய்யும்வரை உருவாக்கியவரை விடாமல் போனில் கூப்பிடும்படி அவள்தான் எழுதியிருந்தாள். சரிசெய்ய இளங்கோவுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

நோட்டீஸ் காலத்துக்குத் தன் மிச்ச விடுப்பைக் கழித்துக்கொள்ளும்படி ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்த சபீனா, உறையை அழுத்தி ஒட்டிப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.