கடல் தெய்வத்துக்கு ஒரு பாட்டு

கோடையில் பள்ளிக்கூடத்தை விட்ட றெக்ஸ், மாரியில் தஹித்தித் தீவின் பழங்குடிப் பாடகன் ஆகிவிட்டான்.

மன்னாரில் பிறந்து மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் வளர்ந்த பெடியன் எப்படித் தஹித்திக்காரன் ஆகலாம்? நிறம் காணும், வேறொன்றும் வேண்டாம் என்றான் முதலாளி ஜில்பேர்.

டவுன்டவுனில் ஜில்பேரின் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமைகளில் 'தென்கடல் இரவு'. புல்லுப் பாவாடை, பிளாஸ்டிக் பூமாலை, அன்னாசிக்குள் குடிவகை. ஆட்டத்தை ஒரு டிவிடி பார்த்துப் பழகினார்கள். கூட ஆட வந்த துஷாந்தினி பரதநாட்டியத்தைப் பாதியில் விட்டவள். மிச்சப் பாதியை இங்கே ஆடினாள்.

தஹித்தி மொழி ஒருவருக்கும் தெரியாது. அதனால் றெக்ஸ் தமிழில் பாடினான்.

பாட்டும் சும்மா பாட்டில்லை. சனம் சாப்பிடுகிற இடத்தில் ஹீட்டர் கொதிக்கும். உடுப்பு மாற்றுகிற அறையில் ஹீட்டரே கிடையாது. ஜனவரிக் குளிரில் வெறும் மேலோடு நின்று பல்லுக் கிட்டிப் போனவன், மேடைக்கு வந்ததும் கைகளை மேலே தூக்கி, ஜில்பேரைப் பார்த்தே இழுப்பான்.

"பனங்காய்த் தலையா... ஓ... குளிருதடா, சூடு காட்டடா... ஓ..."

சனம் கண்ணை மூடி உருகும். முதலில் கைதட்டுவது ஜில்பேர்தான்.

அப்படியே போயிருக்கும். நடுவில் ஒரு சுற்றுலா பஸ் கொம்பனி வந்து சேர்ந்தது. கிழமைக்கொரு பஸ் ஆட்களை இறக்குவார்களாம். ஆனால் இது உண்மையான பாரம்பரியம்தான் என்று ஒரு தஹித்திக்காரர் வந்து பார்த்துச் சொல்லவேண்டுமாம். சரிவராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பீட்சா போடப் போகிறேன் என்றான் ஜில்பேர்.

ஆட்டம் நின்றால் றெக்ஸுக்கு வேலையில்லை. வேலையில்லாவிட்டால் திரும்பப் பள்ளிக்கூடம். அப்பா யோசெப்போடு பேச்சு அப்படி.

அந்தச் சனிக்கிழமை மடாம் ஹெய்புவா வந்தார். தஹித்தியில் பிறந்து, இப்போது மொன்றியலில் மகளோடு இருக்கிற மனுசி. முன் மேசையில் இருந்தார். சிரிப்பே இல்லை.

"இண்டைக்காவது வேறை ஏதும் பாடன்," என்றாள் துஷாந்தினி.

"எனக்குக் கோயில் பாட்டுத்தான் தெரியும். அதைப் புல்லுப் பாவாடையோடை பாடினா அம்மா சாக்கொல்லுவா."

பழைய பாட்டையே பாடினான். குளிரில் குரல் நடுங்கியது. அதுவும் பக்தி மாதிரித்தான் கேட்டது.

முடிந்ததும் மடாம் அவனைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஜில்பேர். இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று பிரெஞ்சில் கேட்டார்.

கடல் தெய்வத்தை வேண்டுவது என்று றெக்ஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

மடாம் அவனுடைய நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். பிறகு ஜில்பேர் பக்கம் திரும்பி, ஆட்டம் பிழை, உடுப்புப் பிழை, பூவும் பிளாஸ்டிக் என்று அடுக்கத் தொடங்கினார். றெக்ஸின் கண்ணுக்கு முன்னால் கணக்கு வகுப்பு வந்து நின்றது.

"ஆனா பாட்டு அசல்," என்றார் மடாம். "ஒரு சொல்லும் மாத்தக் கூடாது. ஒண்டு மட்டும். எங்கடை வழக்கப்படி இதைப் பாடுற ஆக்களைச் சூடான அறையிலை வைச்சிருக்கவேணும். இல்லாட்டி முதலாளிக்குக் கூடாத காலம்."

ஜில்பேருக்கு முகம் செத்துப்போயிற்று. தன் கந்தோர் அறையிலிருந்த ஹீட்டரைத் தானே தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான்.

கோட் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற மடாமிடம் றெக்ஸ் போனான். மெர்சி என்று நன்றி சொன்னான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கடை ஊரிலை அப்பிடி ஒரு வழக்கம் உண்மையாவே இருக்கோ?"

"எங்கடை ஊரிலை குளிரே இல்லை."

"பாட்டும் உங்கடை மொழி இல்லை. பிறகேன் அசல் எண்டு சொன்னனீங்கள்?"

மடாம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"நான் அங்கை ஒரு ஹோட்டலிலை கனகாலம் சுற்றுலாக்காரருக்குப் பாடினனான். நாங்களும் முதலாளியைப் பாத்துத்தான் பாடுவம். அவன் எங்கடை அறைக்கு ஃபான் போடேல்லை."