கறுப்பு மட்டையும் நீல மட்டையும்

யாழ்மொழி என்ற டென்னிஸ் வீராங்கனையின் பையில் இரண்டு மட்டைகள் இருந்தன. கறுப்பு மட்டையின் தலையில் கனம் கூட்ட ஈயப் பட்டை ஒட்டி, நரம்பைத் தளர்வாகக் கட்டியிருந்தார்கள். நீல மட்டைக்கு எடை குறைவு, நரம்பு நல்ல இறுக்கம்.

"என்மேல் பட்டாலே போதும், பந்து பறக்கும்" என்றது கறுப்பு.

"பறக்கும் சரி, எங்கே போய் விழும்? நான் நினைத்த இடத்தில் போடுவேன்" என்றது நீலம்.

இறுதிப் போட்டியில் யாழ்மொழி முதலில் கறுப்பை எடுத்தாள். பந்துகள் கோட்டைத் தாண்டி விழுந்து முதல் செட் கைவிட்டுப் போனது. அடுத்து நீலத்தை எடுத்தாள். பந்துகள் உள்ளேதான் விழுந்தன, ஆனால் வேகமில்லை. எதிராளி அவற்றை விளாசித் தள்ளினாள்.

இடைவேளையில் யாழ்மொழி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தவள் வேறு மாதிரி ஆடினாள். முழங்காலை மடக்கி, தோளை முழுக்கத் திருப்பி, மட்டையைக் கீழிருந்து மேலாக வீசினாள். நீலத்திலிருந்து பந்து சீறிக்கொண்டு போனது. அந்த செட்டை அவள் பிடித்துவிட்டாள்.

கடைசி செட்டில் நீலத்தின் நரம்பு அறுந்தது. அவள் கறுப்பை எடுத்து அதே மாதிரி வீசினாள். பந்து உயர எழும்பி, சுழன்று, கோட்டுக்குள்ளேயே இறங்கியது. கோப்பை அவளுக்குக் கிடைத்தது.

பைக்குள் கறுப்பு தலையை நிமிர்த்திக்கொண்டது. "என் துல்லியத்தைப் பார்த்தாயா?"

"அது கிடக்கட்டும்" என்றது நீலம். "நீ என் வேகத்தைப் பார்த்தாயா?"

வெளியே யாழ்மொழி, வலிக்கிற தோளில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.