வடியாத மேடு

ஊசி ஏற்ற நரம்பு எங்கும் கிடைக்காமல் போனபின், மரகதவல்லிக்குத் தொடைத்தோலுக்கு அடியில்தான் மருந்து ஏறியது. வீட்டுக்கு வரும் நர்ஸ் ஸ்டெல்லா முதலில் நொதி ஊசி ஒன்று போடுவாள்.

"இதுதான் சார் உள்ள வழி விடும். அப்பதான் வலி மருந்து பரவும். மருந்து ஏறுன எடத்துல எழும்புற மேடு வடியலன்னா, மருந்தையே நிறுத்திடச் சொல்லிருக்காங்க டாக்டர்."

எலுமிச்சை அளவில் எழும் அந்த மேடு கரைந்து முடியும்வரை கணவர் தணிகாசலம் கண்ணெடுக்கமாட்டார். அவள் உடம்பு இன்னும் எதையோ வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இன்று காபி ஆறி ஆடை கட்டியும் மேடு அப்படியே நின்றது. அவர் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வடிஞ்சிருச்சா சார்?" கை கழுவிக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள்.

"வடியுதும்மா."

மரகதவல்லி கண் திறக்காமலே அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.