ஒருத்தரும் பேசல

கார்த்திகனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய பிறகுதான் வகுப்பு சிரித்து ஓய்ந்தது.

புள்ளிவிபரவியல் வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகியதுதான் இந்த மூன்று வருட வணிக முகாமைத்துவப் படிப்பில் தனக்குக் கிடைத்த பெரிய பயன் என்று சொல்லியிருந்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மூன்றாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. ரயில் வரும்போதெல்லாம் பாடம் நடத்துகிற மஜீட் சேர் ஒரு விரலை உயர்த்துவார். வசனம் பாதியில் நிற்கும். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

இன்றைக்குப் பாடம் இல்லை. கடைசி நாள். படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நிமிடம், மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும்.

தாரிகா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வணிகத் தொடர்பாடல் பாடத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி அவளுக்குத்தான்.

ஆனால் மனம் தாளில் இல்லை. நிஷாந்தினியிடம் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற அந்தப் பிள்ளை எல்லோரோடும் சிரிப்பாள். தாரிகாவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று வருடமும் அப்படித்தான். ஏனென்று தாரிகாவுக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அதற்குள் கேட்காவிட்டால் இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

மைக் கடைசி வரிசைக்கு, நிஷாந்தினியின் கைக்குப் போனது.

மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டில் தங்கியதைச் சொன்னாள். இரண்டு பஸ் மாறி வருவதால் தினமும் பத்து நிமிடம் பிந்தியதைச் சொன்னாள். முதல் இரண்டு வாரமும் தனியே சோற்றுப் பார்சலைப் பிரித்ததைச் சொன்னாள். பிறகு ஒருநாள் படிக்கட்டில் ஒரு பெண் நின்று, எல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தாளாம். கொழும்பில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள்.

“வந்து ரெண்டு கெழம ஆச்சு, ஒருத்தரும் பேசலன்னு சொன்னேன். ‘நல்லதுதானே, அப்பிடியே இருக்கட்டும்’னு சிரிச்சிக்கிட்டே எறங்கிப் போயிட்டாங்க.”



குறை சொல்ல இதைச் சொல்லவில்லை என்றாள் நிஷாந்தினி. அன்றைக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஊருக்குத் திரும்புவதா என்று யோசித்தாளாம். பிறகு எழுந்து வந்து, கடைசி வரிசையில் நுஹாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, பையில் மூன்று பேனை இருக்க, ஒரு பேனை கடன் கேட்டாளாம். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம்.

அடுத்த மாதம் இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில், ஆள் சேர்க்கிற ஆளணிப் பிரிவில் வேலைக்குப் போகிறாள். புதிதாக வருகிற பிள்ளையிடம் முதலில் போய்ப் பேசுகிறவள் தானாகத்தான் இருப்பாள். படித்ததில் அவளுக்குத் தேறியது அதுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். தாரிகா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். எப்படிப்பட்ட கல்நெஞ்சுக்காரி அப்படிச் சொல்லியிருப்பாள் என்று கோபம் கோபமாக வந்தது.

பிறகு கை நின்றுவிட்டது.

படிக்கட்டு. பத்து நிமிடம் பிந்தி வருகிற, பயந்த முகம் கொண்ட ஒரு பிள்ளை. பாவம், சேரிடம் மாட்டியிருப்பாளோ என்று நின்று விசாரித்தது. அவள் சொன்ன பதிலைக் கேட்டு மனம் லேசாகி, சிரித்துக்கொண்டு இறங்கியது.

தாரிகாவின் யாழ்ப்பாணத்து வீட்டில் உரையாடுவதற்குப் பெயர் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. பிந்தி எழும்பினால் அம்மா பேசுவா. பாலைப் பொங்க விட்டால் அப்பாவும் சேர்ந்து பேசுவார்.

மலையகத்துப் பேச்சு அவளுக்குத் தெரியாததல்ல. படத்தில் கேட்டால் விளங்கும். படிக்கட்டில், அவசரத்தில், காது வீட்டுச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. பிந்தி வந்தும் ஒருவரும் ஏசவில்லையாம். நல்லதுதானே.

மைக் அவளிடம் வந்தது.

எழுதிய தாளை மடித்து வைத்தாள். படிக்கட்டில் நின்றது தான்தான் என்றாள். அடுத்த வசனத்தை மூன்று முறை தொடங்கினாள். தொடர்பாடலில் முதலாவதாக வந்த பிள்ளை திக்குவதைப் பார்த்துக் கார்த்திகன்கூடச் சிரிக்கவில்லை.

மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

“பேசு,” என்றாள். “எவ்வளவு வேணுமெண்டாலும் பேசு.”

நிஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். இந்த மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எப்படிப் பாவிப்பார்கள் என்று அவளும் பழகித்தான் இருந்தாள். அதை அந்தப் படிக்கட்டுக்கு மட்டும் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள். கண் விரிந்தது. உதடு மெல்லக் கோணியது.

“ஒங்க பேச்சா, எங்க பேச்சா?”

“ரெண்டும்.”

நுஹா எழுந்து தன் கதிரையை விட்டுக் கொடுத்தாள்.

கீழே பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மஜீட் சேர் பழக்கத்தில் விரலை உயர்த்தினார்.

அந்த இரண்டு பிள்ளைகளும் நிறுத்தவில்லை.