இழுவை என்றார்கள் வாசகர்கள்

படுத்த படுக்கையாகிவிட்ட எழுத்தாளருக்கு மனைவி வாசகர் விமர்சனங்களைப் படித்துக் காட்டினாள். அவருடைய புகழ்பெற்ற விண்வெளித் தொடரிலிருந்து கிளைத்த புதுத் தொடருக்காக அவளே எழுதிய முதல் நாவலுக்கு வந்தவை அவை.

"'கேப்டனோட மருந்துல அவர் பொண்டாட்டியே சொட்டுச் சொட்டா விஷம் கலக்கறது பிரமாதம். ஆனா மனுஷன் கடைசி பக்கம் வரைக்கும் சாகவே மாட்டேங்கறார். ஒரே இழுவை!' எல்லாரும் இதையேதாங்க சொல்றாங்க."

"என் பேரை வெச்சு எழுதறவளுக்கு இதுகூடவா தெரியாது?" இருமலுக்கு நடுவே சீறினார் அவர். "வாசகன் சொன்னா வாயை மூடிட்டுக் கேளு. சட்டுபுட்டுனு முடி!"

"சரிங்க."

இத்தனை மாதமாக அவருடைய மருந்தில் தினமும் ஒரே ஒரு சொட்டு விட்டுவந்தவள், இன்று குப்பியையே கவிழ்த்தாள்.